ஆறாண்டுகள் அழுத்தாத பொத்தான்

உதகையில் மகிழுந்து வைத்திருப்பவர்களுக்குப் பொதுவான பெருமிதம் ஒன்று உண்டு. வண்டிக்குள் முகப்புப் பலகையில், பனிப்பூ வடிவம் பொறித்த சிறு குளிரூட்டிப் பொத்தான் ஒன்று இருக்கும். வண்டி வாங்கிய நாள்முதல் அதை ஒருமுறைகூட அழுத்தியதில்லை என்று சொல்லிக்கொள்வதே அந்தப் பெருமிதம். பெர்ன்ஹில்லில் எங்கள் தெருவில் நான்கு வீட்டாரிடம் வண்டி இருக்கிறது. நால்வரும் இதைச் சொல்வோம். சமவெளியிலிருந்து வந்த உறவினர் எவராவது வண்டியில் ஏறியதும் பழக்கத்தால் அந்தப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினால், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்ப்போம். நாள் முழுதும் மலை அள்ளித் தருவதை எந்திரத்திடம் கேட்பதா என்பது எங்கள் வாதம். என் வண்டிக்கு ஆறு வயது. ஆறாண்டுகளும் நான் அதைத் தொட்டதில்லை.

தொடாததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முகப்பில் காற்று வருவதற்கென அமைந்த நான்கு சிறு வாயில்களின் வழியே, காலை வேளையில் வெளிக்குளிர் கசிந்து என் முழங்கால்களைப் பிடிக்கும். அவற்றை அடைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பழைய கம்பளி ஒன்றை எடுத்துத் தந்தேன். என் மனைவி அதை நான்கு துண்டுகளாக்கி, நூல் பிரியாமல் ஓரம் தைத்து, ஒவ்வொரு வாயிலுக்கும் அளவாகச் செருகினாள். அண்டை வீட்டார் வந்து பார்த்துவிட்டுத் தத்தம் வண்டிகளிலும் அவ்வாறே செய்துகொண்டனர்.

காற்று வரும் வழியை அடைத்தால் கண்ணாடி வியர்க்கும். குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் இருவர் விடும் மூச்சும் படிந்து வெண்மையாகிவிடும். மூடுபனி இறங்கும் மாலைகளில் வெளியே ஒரு வெண்மை, உள்ளே ஒரு வெண்மை. இடையில் நான் ஓட்டிக்கொண்டிருப்பேன். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. என் பழைய வேட்டியின் கிழிசல் ஒன்றை மனைவி மடியில் வைத்திருப்பாள். இடப்பக்கத்து இருக்கையிலிருந்து முன்னே சாய்ந்து, என் பார்வைக்கு நேரே உள்ள பகுதியை முதலில் துடைப்பாள். தன் பக்கத்தைப் பிறகு துடைப்பாள். லவ்டேல் வளைவுகளில் எதிரே பேருந்தின் விளக்கு தெரிந்தால், "ஏனுங்க, கொஞ்சம் மெல்லப் போங்க, தொடச்சுக்கிறேன்" என்பாள். அவள் கை கண்ணாடியில் நகரும்போது வளையல்கள் என் காதருகே ஒலிக்கும். மலைச்சாலையில் இருவர் சேர்ந்தால்தான் ஒரு வண்டியை ஓட்ட முடியும் என்றே நான் நம்பியிருந்தேன்.

ஈராண்டுகளுக்கு முன் அவளுடைய நுரையீரல் வடுப்படத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்றார். ஏழாயிரம் அடி உயரத்தில் உயிர்வளி குறைவு. இனி அந்த உயரம் அவளுக்கு ஒவ்வாது என்றார். கோவையில் கல்லூரி ஒன்றில் பணிபுரியும் மகளின் வீட்டில் அவள் தங்கினாள். நானும் உடன் சென்றேன். முதற்கோடையிலேயே கடைவீதி வெயிலில் மயங்கி விழுந்தேன். எழுபதைக் கடந்த உடம்பு, வாழ்நாளெல்லாம் குளிரில் பழகியது. மகள் என்னை மலைக்கே திருப்பி அனுப்பினாள். பேருந்து கல்லாற்றைத் தாண்டிக் குளிர்காற்று முகத்தில் பட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக நான் இன்றும் நாணுகிறேன்.

அதன்பின் திங்களுக்கு இருமுறை பேருந்தில் கோவைக்கு இறங்குவேன். இரு நாள் இருந்துவிட்டு ஏறுவேன். மற்ற நாள்களில் தொலைபேசி. என்ன சமைத்தேன், பால்காரர் வந்தாரா, வாசலில் நீலப்பந்துகளாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்குக் கவாத்துச் செய்தேனா என்று கேட்பாள். கேட்கும்போதே மூச்சு இரண்டாக உடையும்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள், பத்து நாளேனும் வீட்டுக்கு வர வேண்டும் என்றாள். மன்றாடவில்லை, பொருள் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாள். மருத்துவர் முதலில் மறுத்தார். பிறகு, அவளுடைய பிடிவாதத்தைக் கண்டு நிபந்தனைகளோடு இசைந்தார். படிப்படியாக ஏற வேண்டும். பர்லியாரில் ஒரு மணி நேரம் தங்க வேண்டும். குன்னூரில் ஓரிரவு தங்க வேண்டும். விரலைக் கவ்விக்கொண்டு குருதியின் உயிர்வளியைக் காட்டும் சிறு கருவியை அவ்வப்போது பார்க்க வேண்டும். அது எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் மேற்கொண்டு ஓரடியும் ஏறக் கூடாது, திரும்பிவிட வேண்டும். முதன்மையான நிபந்தனை வண்டியைப் பற்றியது. சமவெளியின் வெக்கையும் அவளுக்கு ஆகாது, மலைச்சாலையில் லாரிகள் கக்கும் புகையும் ஆகாது. ஆகவே வழிநெடுகச் சன்னல்கள் மூடியிருக்க வேண்டும். குளிரூட்டி ஓட வேண்டும்.

வாடகை வண்டியை அமர்த்தலாம் என்று மகள் சொன்னாள். என் மனைவி உடன்படவில்லை. "ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி யாரோ ஓட்டிட்டு வர, நான் எதுக்கு எங்க ஊட்டுக்குப் போவோணும்? உங்கப்பா ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றே வண்டியில் அமர்ந்து, கம்பளித் துண்டுகளைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அழுத்தினேன். சிறு பச்சை விளக்கு எரிந்தது. நான்கு வாயில்களிலும் காற்று வந்தது; விரல்கள் விறைக்கும் அளவுக்குக் குளிர்ச்சியாகவே வந்தது. மகிழ்ந்துபோய் உடனே தொலைபேசியில் அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"கண்ணாடிய எறக்கிப் பாருங்க. வெளிய எப்படி இருக்குது?"

இறக்கிப் பார்த்தேன். வெளியிலும் அதே குளிர்.

"அப்ப ஏசியில வருதா, ஊட்டியில வருதான்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு இருமலாக மாறியது, மகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் நண்பகலில் கல்லாறு வரை இறங்கிச் சோதித்தேன். ஊதியது அடுப்படிக் காற்று. குளிரூட்டி எனக்குத் தெரியாமலே எப்போதோ செத்துப்போயிருந்தது. ஊரில் எல்லாரும் குளிரில் வாழ்வதால் அதன் சாவு ஒருவருக்கும் தெரியவில்லை. தெருவின் மற்ற மூன்று வண்டிகளின் நிலை என்னவோ. அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உதகையில் நான் விசாரித்த பட்டறைகளில் ஏசி வேலைக்கு ஆளில்லை. கோவைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். கோவையிலோ மூன்று நாள் வண்டியை விட்டுச் செல்லச் சொன்னார்கள். கூடலூரில் ஒருவர் இருப்பதாக, அங்கே மிளகு வாங்கப் போய்வரும் கடைக்காரர் ஒருவர் சொன்னார். கூடலூர் உதகையைவிட உயரம் குறைந்த ஊர். அங்கிருந்து வண்டிகள் கேரளத்து வெயிலுக்கும் மைசூர் வெயிலுக்கும் இறங்குகின்றன. ஆகவே அங்கே அந்த வேலைக்குத் தேவை உண்டு. பங்குனி தொடங்கிய வாரத்தில் நடுவட்டம் வழியாக இறங்கினேன்.

பட்டறை ஒரு வீட்டின் முற்றத்தில் இருந்தது. ஒரு பாதியில் தார்ப்பாய் விரித்து மிளகு காய்ந்தது. மறு பாதியில் வண்டிகள் நின்றன. ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக், தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் என்று அறிந்ததும், அங்கே ஆசிரியர்களை விளிக்கும் முறைப்படி, 'மாஷே' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

முன்மூடியைத் திறந்து, தடித்த குழல்களில் அழுத்தம் காட்டும் இரண்டு அளவிகளைப் பொருத்தினார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டின் முட்களும் ஏறக்குறைய அசையவே இல்லை.

"எத்தர நாளு ஓட்டாம வச்சிருக்கீங்க, மாஷே?"

ஆறாண்டுகள் என்றேன், பழைய பெருமிதத்தின் மிச்சம் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"அப்ப கெட்டுப் போகலை. நீங்க பட்டினி போட்டுக் கொன்னுட்டீங்க."

பிறகு அவர் விளக்கியதை என் மொழியில் எழுதுகிறேன். குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தைச் சுமந்துபோய் வெளியே கொட்டிவிட்டு வருகிறது. சுமக்கும் வேலையைச் செய்வது, அவர் 'கேஸ்' என்ற ஒரு வளி. எந்திரத்தின் வார்ப்பட்டையால் சுழலும் அமுக்கி அந்த வளியை நெருக்கிச் சூடேற்றி அனுப்புகிறது. வண்டியின் மூக்கருகே உள்ள மெல்லிய தகட்டுச் சட்டத்தில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர்மமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் சிறு குப்பி ஒன்றைக் கடந்து, ஊசித்துளை போன்ற ஒரு வாயிலில் பீறிட்டு வெளிப்படுகிறது. நெருக்கம் நீங்கியதும் அது மீண்டும் ஆவியாகத் துடிக்கிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை, முகப்புப் பலகைக்குப் பின்னால் உள்ள மற்றொரு சட்டத்தின் வழியே, நம்மைச் சூழ்ந்த காற்றிடமிருந்து பறித்துக்கொள்கிறது. அந்தச் சட்டத்தில் காற்றின் ஈரமும் படிந்து, நீராகி, ஒரு குழாய் வழியே சாலையில் சொட்டுகிறது. வளி அமுக்கிக்குத் திரும்புகிறது. இவ்வளவுதான்.

இந்தச் சுற்றில் வளியோடு சிறிது எண்ணெயும் ஓடுகிறது. அமுக்கியின் தண்டைச் சுற்றியுள்ள இரப்பர் வளையத்தை நனைத்து வைத்திருப்பது அந்த எண்ணெய்தான். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் எண்ணெய் கீழே தங்கிவிடும். வளையம் உலர்ந்து சுருங்கும். நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளி கசிந்து வெளியேறிவிடும். பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்று அஞ்சி நாம் ஒதுக்கி வைப்பது, ஒதுக்கி வைத்ததாலேயே அழிகிறது. நான் 'அமுக்கி' என்று சொல்லக் கேட்டு, அவர் அருகில் மிளகைத் துழாவிக்கொண்டிருந்த தம் மனைவியிடம், இனிமேல் கம்ப்ரசர் என்று சொன்னால் அபராதம் என்றார்.

முதலில் நைட்ரசனை ஏற்றி, சோப்பு நுரையைத் தூரிகையால் இணைப்புகளில் தடவினார். அமுக்கியின் தண்டருகே நுரை மெல்லக் குமிழ்விட்டது. அந்த வளையத்தை மாற்றினார். உலர்த்துக் குப்பியையும் மாற்றினார். பின்னர் முகப்புப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னே இருந்த காற்று வடிகட்டியை வெளியே எடுத்தார். எடுத்ததும் என்னைப் பார்த்தார். அது கறுத்துப் பூஞ்சை பூத்து, பைன் மரத்தின் ஊசியிலைகளும் யூக்கலிப்டசு சருகுகளும் மக்கிய ஒரு படுகையாக இருந்தது.

அவள் இதன் நேரெதிரே அல்லவா நான்காண்டுகள் அமர்ந்திருந்தாள் என்ற நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. அருகிலிருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய நோயை அவரிடம் சொன்னேன். அவர் வடிகட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கதான் துணி வச்சு அடச்சிட்டீங்களே, மாஷே. இதுல இருந்து என்ன காத்து உள்ள வந்திருக்கும்? அதை மனசுல வைக்க வேண்டாம், கேட்டோ."

அவர் அறிந்து சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியாது. இது காரணமா என்று மருத்துவரிடம் பின்னர் கேட்டபோது, அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை.

அடுத்தது காத்திருக்கும் வேலை. ஒரு சிறு எந்திரத்தைப் பொருத்திக் குழாய்களிலிருந்த அனைத்தையும் உறிஞ்சி வெளியேற்றினார். உள்ளே ஈரம் ஒரு துளி இருந்தாலும் குளிரில் உறைந்து ஊசித்துளையை அடைத்துவிடும். வெற்றிடத்தில்தான் அந்த ஈரம் கொதித்து வெளியேறும். ஒரு மணி நேரம் ஓடியபின் எந்திரத்தை நிறுத்தி, மேலும் அரை மணி நேரம் அளவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு. நகரவில்லை. அதன்பின் தராசில் உருளையை வைத்து, எடை பார்த்துப் புதிய வளியை ஏற்றினார். மலைப்பகுதிகளில் அளவியை மட்டும் நம்பி ஏற்றக் கூடாதாம். குளிரில் அது குறைத்துக் காட்டும், ஆள் கூடுதலாக ஏற்றிவிடுவான்.

அமுக்கி 'டக்' என்று இணைந்தது. முகப்பு வாயிலில் அவர் செருகிய வெப்பமானி மளமளவென்று இறங்கியது.

நான் புறப்படத் தயாரானபோது சாரல் பிடித்துக்கொண்டது. இருவரும் வண்டிக்குள் அமர்ந்தோம். எங்கள் மூச்சில் கண்ணாடி வெளுத்தது. நான் இருக்கைக்கு அடியில் துணியைத் தேடினேன். அவர் என் கையைத் தடுத்து, காற்றைக் கண்ணாடியின் பக்கம் திருப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கீழிருந்து மேலாக, திரை ஒன்று உயர்வதுபோல, வெண்மை விலகியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முற்றமும் நனையும் மிளகும், ஓடிவந்து தார்ப்பாயைச் சுருட்டும் அவர் மனைவியும் துலக்கமாகத் தெரிந்தார்கள். குளிரூட்டி காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுவதால் கண்ணாடி வியர்ப்பதில்லை என்று விளக்கினார்.

"இது தெரியாம மஞ்சு மூடுற மலையில எப்படி ஓட்டினீங்க?"

"என் வீட்டுக்காரி துடைப்பாள்."

 "ஆள் இருந்தா பின்ன ஏசி எதுக்கு?" என்றார்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஓட்டுங்கள், எவ்வளவு குளிரானாலும் ஓட்டுங்கள் என்று வழியனுப்பினார். நடுவட்டம் ஏறும்போது மூடுபனி சூழ்ந்தது. பொத்தானின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாலை முழுவதும் தெரிந்தது. இடப்பக்கத்து இருக்கையை நோக்கி நான் திரும்பவே இல்லை.

கோடை விழாக் காலத்தில் குன்னூர்ச் சாலையை ஏறுவோருக்கு மட்டுமாக ஒருவழியாக்கிவிடுவார்கள். பாதியில் திரும்ப இயலாது. ஆகவே அதற்கு முன், பங்குனி முடிவதற்குள் அவளை அழைத்து வருவதென்று முடிவு செய்தோம். படுக்கையைக் கணப்படுப்பு உள்ள அறைக்கு மாற்றினேன். நீர்சூடேற்றியைச் சரிபார்த்தேன். வாசற்படிகளின் ஓரத்தில் பிடித்து ஏற ஒரு கம்பி அமைத்தேன். ஹைட்ரேஞ்சியா பூக்கவில்லை, அதை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

கோவையிலிருந்து புறப்பட்ட காலையில் அவள் தன் பழைய பச்சைக் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்தாள். பின்னிருக்கையில் மகள், அவளருகே, தேவைப்பட்டால் பயன்படுத்த, சிறு உயிர்வளிக் கலன். காரமடை சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெளியே கானலில் சாலை நெளிந்தது. உள்ளே குளிர்ச்சி சீராக நின்றது. "ஊட்டியில வர்றதா இது?" என்று கேட்டாள். கூடலூரில் வருவது என்றேன். மேட்டுப்பாளையம் பாக்குமண்டிகளைக் கடக்கும்போது கண்ணயர்ந்தாள்.

மலை தொடங்கியதும் எந்திரத்துக்கு இரட்டைச் சுமை. ஏற்றத்தில் குளிரூட்டியை நிறுத்துவதுதான் மலை ஓட்டுநர்களின் வழக்கம், நான் நிறுத்தவில்லை. அமுக்கி இணையும்போது வண்டி ஒரு கணம் தயங்கும். விலகும்போது விடுபட்டதுபோல் முன்செல்லும். முன்னே காய்கறி லாரி ஒன்று கரும்புகையைத் தள்ளிக்கொண்டு போனது. உள்ளிருக்கும் காற்றையே சுழலவிட்டிருந்ததால் அந்தப் புகை எங்களை எட்டவில்லை. பர்லியாரில் மரநிழலில் நின்றோம். கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது. மகள் பலாச்சுளை வாங்கி வந்தாள். என் மனைவி இரண்டு தின்றாள். மூன்றாவதை எனக்குத் தந்தாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தொண்ணூற்று மூன்று. ஏறினோம்.

மரப்பாலம் என்ற ஊரைக் கடந்ததும், எதிர்பாராமல், மூடுபனி பள்ளத்திலிருந்து எழுந்து சாலையை மூடியது. அவள் கை தானாகவே சேலை முந்தானையைப் பற்றிக்கொண்டு கண்ணாடியை நோக்கி நீண்டது. அங்கே துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. கை சற்று நேரம் காற்றில் நின்றது.

"எப்படிங்க?"

பொத்தானைக் காட்டினேன்.

"இத்தன நாளா இது இருந்துச்சா?"

"இருந்தது."

அவள் முந்தானையை மடியில் விட்டாள். "நல்லவேளை, நமக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

 நான்கைந்து வளைவுகள் கடந்தன. அவள் தோள்கள் உயர்ந்து தாழ்வதை ஓரக்கண்ணால் கண்டேன். கருவியில் என்ன காட்டுகிறது என்று கேட்டேன். தொண்ணூறு என்றாள். விரலில் கவ்வியிருந்த கருவியை மற்றொரு கையால் மூடியிருந்தாள். பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்க்க முயன்றாள். என் மனைவி கம்பளிச் சட்டையைக் கைகளின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காட்டேரிக்குக் கீழே, தேநீர்க் கடை ஒன்றின் எதிரே சாலை சற்று அகன்றிருந்தது. அங்கே ஒதுங்கி நிறுத்தினேன். கையை நீட்டி, "காட்டு, அம்மிணி" என்றேன். நெடுநேரம் கழித்துக் காட்டினாள். எண்பத்தாறு.

மகள் கலனைத் திறந்து முகமூடியைப் பொருத்தினாள். என் மனைவி அதைச் சற்றே விலக்கி, "குன்னூரு இன்னும் எவ்வளவு தூரமுங்க? அங்க போயி உக்காந்தா ஏறிக்குமுங்க" என்றாள்.

எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தச் சாலையில் நாங்கள் எத்தனை முறை போயிருக்கிறோம். கலன் இருக்கிறது, குன்னூரில் மருத்துவமனை இருக்கிறது, ஏறினால் ஏறிவிடலாம் என்று என் மனமும் அவளோடு சேர்ந்து வாதிட்டது. அறையில் அடுக்கி வைத்த விறகையும், விரித்து வைத்த படுக்கையையும் நினைத்தேன். இப்போது திரும்பினால் இனி ஒருபோதும் அவள் அந்த வீட்டுக்குள் வர மாட்டாள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடுபனிக்குள் மறைந்த மேற்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைத் திருப்பினேன்.

பர்லியாரை நோக்கி இறங்கினோம். இறங்க இறங்க எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று மகள் மெல்லப் படித்துக்கொண்டு வந்தாள். முன்பு நின்ற மரநிழலிலேயே நிறுத்தினேன். மகள் தேநீர் வாங்க இறங்கினாள். என் மனைவி முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நீங்க திருப்புவீங்கன்னு தெரியுமுங்க. அதான் மூடி வச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் தலையசைத்து நிறுத்தினாள்.

"ஊட்டப் பாக்க முடியலீன்னா போவுது. இங்க வரைக்கும் வந்தா மூச்சு தாங்குதில்ல? நீங்க அங்கிருந்து எறங்கி வாங்க. நான் இங்க வரைக்கும் ஏறி வாறேன். இங்க உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்னு ஒரு குளுரு இருக்குது பாருங்க."

அன்றுமுதல், சாலை ஒருவழியாகும் கோடை விழா நாள்கள் நீங்கலாக, திங்களுக்கு இருமுறை நான் பேருந்தில் இறங்குவதில்லை, வண்டியிலேயே இறங்குகிறேன். விடியற்காலையில் கோவை சேர்ந்து, அவளை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் பர்லியார் வந்துவிடுகிறோம். மாலைவரை அங்கே இருப்போம். கொண்டுவந்த சோற்றை உண்போம். வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்பாள். நான் மாற்றி வைத்ததைச் சொன்னால் கடிந்துகொள்வாள். உண்மையைச் சொல்வதென்றால், ஈராண்டுகளில் நாங்கள் தொலைபேசியில் பேசியதைவிட இந்தச் சில திங்களில் அந்த மரநிழலில் பேசியது மிகுதி.

சென்ற முறை, புறப்படும் நேரத்தில், இன்னும் ஒரு வளைவு மேலே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒன்று ஏறினோம். கருவியை அவளே என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்று. இரண்டாவதும் ஏறினோம்; தொண்ணூற்றிரண்டு. அங்கே நின்று, பள்ளத்தில் ஓடும் ஆற்றின் ஓசை கேட்கட்டும் என்று சன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினாள். மூன்றாவதற்குப் போகலாம் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது வளைவில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று மட்டும், அடுத்த முறைக்காக, இறங்கி நடந்துபோய்ப் பார்த்து வைத்துக்கொண்டேன்.